இன்னும் லேசா இருக்கு

"இப்ப எப்படி இருக்கு?"

கேம் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து லிஃப்ட்காரரின் குரல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்த மனைவி, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இருக்கு. சத்தம் நல்லாவே இருக்கு."

பீரோ உயரத்துக்கு ஹாலை அடைத்து நின்ற அந்தப் பெட்டி, காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம். மூடப்பட்ட விளையாட்டுக் கடை ஒன்றிலிருந்து வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் போல நடைப்பயிற்சி போயிருக்கலாம், செடி வளர்த்திருக்கலாம். காலையில் இதன் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அப்போதும் தட்டைத்தான் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரி பெட்டிக்கு வைத்திருந்த பெயர் 'சின்ன வீடு'.

தொல்லை எல்லாம், உள்ளே சூட்டைத் தணிக்கச் சுற்றிய ஃபேனால். மாவு மில் மாதிரி இரைந்தது. மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்:

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லன்னா தம்பி வண்டி கொண்டு வருவான். பெட்டி போயிடும்."

சொன்னால் செய்கிறவள். அவர் அன்றே ஸ்க்ரூடிரைவரோடு பெட்டிக்குப் பின்னால் நுழைந்தார். வாழ்நாளெல்லாம் பூனை மாதிரி லிஃப்டை ஓட வைத்த கைக்கு, உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று தண்ணி காட்டுவது வேறு அவமானமாக இருந்தது.

முதலில் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். 'கொர்' என்றிருந்தது 'கீச்' என்றானது. தெறித்த எண்ணெய் சுவரெல்லாம் புள்ளி வைத்தது. திட்டு விழப்போகிறது என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்.

"இருட்டுக்குள்ள எங்க ஊத்தறீங்கன்னே தெரியல. டார்ச் பிடிக்கட்டுமா?" என்றாள் அவள்.

அடுத்து, பழைய செருப்பை வெட்டி ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் கொடுத்தார். ஃபேன் ஒரு நூல் நகர்ந்து, இறக்கை கம்பி வலையில் இடித்தது. டகடகடக!

"ரயிலே வந்துடுச்சு!" டார்ச் ஆட ஆடச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட மேனேஜர், காலையில் தான் திட்டிய பியூனிடம் கதவிடுக்கு வழியாக மன்னிப்புக் கேட்ட கதையைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டில் சொல்லாத கதை.

"அப்புறம்? திறந்து விட்டீங்களா?"

"பியூன் போதும்னு சொன்ன பிறகுதான்."

பிறகு ஃபேனின் வேகத்தைக் குறைத்தார். சத்தம் அடங்கியது, பெட்டி கொதித்தது. திரையில் விண்கலங்கள் பாதி வானத்தில் உறைந்து நிற்க, கருகல் வாடை கிளம்பியது. பயந்துபோய் அந்த ஃபேனையே கழற்றிவிட்டு, வீட்டு மேஜை ஃபேனைப் பின்னால் வைத்தார். செய்தித்தாள் பறந்தது, திரைச்சீலை பறந்தது. இரைச்சலோ பழையதற்கு அண்ணன். இருவரும் ஆளுக்கொரு மூலையில் காகிதம் பொறுக்கினார்கள்.

ஞாயிறு வந்தது. மச்சான் போன் செய்தான்.

"அக்கா, வண்டி எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்டா. மாமா பாவம், அல்லாடிட்டு இருக்காரு. அடுத்த வாரம் பாக்கலாம்."

லிஃப்ட்காரர் உருகிப்போனார். தன்மேல் இவளுக்கு இவ்வளவு இரக்கமா! கிடைத்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது என்று, மானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஃபேன் கடைக்காரரையே புது ஃபேனோடு வரவழைத்தார்.

கடைக்காரர் மேஜை ஃபேனை நிறுத்தி ஓரமாக வைத்துவிட்டு, கேம் பெட்டிக்குப் பின்னால் நுழைந்தார். கணவனும் மனைவியும் முன்னால் சோபாவில் அருகருகே உட்கார்ந்தார்கள். திரை ஒளிர்ந்தது. லிஃப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றுமே இல்லை. ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியவள் பக்கத்தில் அல்லவா இருக்கிறாள்?

"இப்ப?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள்.

"குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் லேசா இருக்கு."

"இன்னுமா?"

"நாளைக்கு நாம ரெண்டு பேருமா இன்னொரு தடவ கழட்டிப் பாப்போம். நான் டார்ச் பிடிக்கிறேன்."

பெட்டிக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் தலையை நீட்டினார்.

"அம்மா, புது ஃபேனு இன்னும் என் கையிலதான் இருக்கு. நான் மாட்டவே இல்லையே!"