படப்புக்குப் பின்னால ஒரு இழுப்பு

போன ஞாயித்துக்கெழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாமனார் ஊருக்குப் போயி என் வீட்டுக்காரி செல்வியக் கூட்டிட்டு வரணும்.

கோவில்பட்டியில பஸ் ஏறணும். ஓட்டப்பிடாரம் போற வழியில ஊருக்குப் பாதை பிரியுற விலக்குல எறங்கணும். அங்கனருந்து கொஞ்சம் நடை. பச்சப்புள்ளைகூட செஞ்சு முடிக்கிற வேலை.

செல்வி கோவிச்சுக்கிட்டுப் போனதுக்குக் காரணம் என் சிகரெட்டு. கட்டில்ல படுத்துக்கிட்டே குடிச்சேன். பக்கத்துல மடிச்சு வச்சிருந்த அவ கல்யாணப் பட்டுல கங்கு விழுந்து ஓட்டையாயிருச்சு. "விடிஞ்சா தச்சுக்கலாம்"னு ஆறுதல் வேற சொன்னேன். விடிஞ்சப்ப அவ இல்ல. "சிகரெட் குடிக்கத விட்டாத்தான் வருவேன்"னு போன்ல சொன்னா.

அதுக்கப்புறம் கடைச் சோறுதான். புரோட்டாவப் பாத்தாலே வயிறு ஓரமா ஒதுங்கிப் படுக்க ஆரம்பிச்சிருச்சு. போன வாரம் மாமனாரே கூப்பிட்டார்.

"விட்டுட்டீங்களா மாப்ள?"

"விட்டுட்டேன் மாமா."

"அப்ப நேர்ல வந்து அவகிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

நான் சொன்னது பொய் இல்ல. சிகரெட்ட விட்டிருந்தேன். அதுக்குப் பதிலா வேப்புன்னு ஒண்ணு இழுத்துக்கிட்டிருந்தேன். பேட்டரியில சூடாகி, உள்ள இருக்க மருந்துத் தண்ணிய ஆவியாக்கி வாயில குடுக்கிற சாமான். நெருப்பு கெடையாது, சாம்பல் கெடையாது. நம்ம நாட்டுல விக்கவும் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சட்டம் என் நல்லதுக்குத்தான் போட்டிருக்காங்கன்னு அப்பப் புரியல.

அதக் கொண்டாந்தவன் முருகேசன். எங்கூடப் படிச்சவன். துபாய்ல ஏசி ரிப்பேர் பாக்கான், லீவுக்கு வந்திருந்தான். வேப்பப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஏதோ அவனே கண்டுபிடிச்ச மாதிரிதான் பேசுவான். பெட்டியத் தொறந்து ரெண்டு சாமான எடுத்து வச்சான்.

"ஏலே, இந்தச் சின்னத எடுத்துக்க. பேனா கணக்கா இருக்கும். மெதுவா இழுத்தாப் போதும், புகை வாரதே தெரியாது. புதுசா தொடங்குதவனுக்கு இதான் சரி."

எனக்குக் கண்ணு பக்கத்துல இருந்ததுமேல. பாதிச் செங்கல் தண்டிக்கு இருந்துச்சு. லைட்டு எரியுது, நம்பர் ஓடுது, சூட்டக் கூட்டிக் கொறைக்க பட்டன் இருக்கு.

"இது என்னல?"

"அது பழகுனவனுக்கு. இழுத்தா புகை மண்டிரும். ஒனக்கு வேண்டாம்."

ஒனக்கு வேண்டாம்னு ஒருத்தன் சொன்னப்புறம் அத வாங்காமப் போறதுக்கு எனக்கு என்ன அறிவா இருக்கு? பெருச எடுத்துக்கிட்டேன். மூணாம் வகுப்புல இருந்தே பக்கத்து எலையில இருக்க அப்பளந்தான் எனக்குப் பெருசாத் தெரியும்.

முருகேசன் விடல. மருந்த ஓரத்துல இருக்க ஓட்டையில ஊத்து, நடுவுல ஊத்தாத. ஊத்துனதும் பத்து நிமிஷம் சும்மா வை, உள்ள பஞ்சு நனையட்டும். படுக்கப் போடாத, ஒழுகும். நம்பரக் கூட்டாத. நான் எல்லாத்துக்கும் தலையாட்டுனேன். என் தலை ஆடும்போது காது வேலை செய்யாது.

வீட்டுக்கு வந்ததும் நடு ஓட்டையில ஊத்துனேன். உடனே இழுத்தேன். முதல்ல வாய்க்குள்ள மருந்து தெறிச்சுது, அப்புறம் கருகுன துணி ருசி வந்துச்சு. முருகேசனுக்குப் போன் போட்டேன்.

"நடுவுல ஊத்துனியால? அது காத்து வார வழி. பஞ்சு நனையுமுன்ன இழுத்துருப்ப, அதான் கருகிட்டு. சின்னது ஒண்ணு இருக்கு, வந்து வாங்கிக்க."

"இல்லல, இது நல்லாத்தான் இருக்கு" னு சொன்னேன். இருமிக்கிட்டேதான் சொன்னேன்.

மாத்துப் பஞ்சு ஒண்ணு சாமானோட வந்த பெட்டியில இருந்ததால தப்பிச்சேன். ரெண்டு மூணு நாள்ல ஓரளவு பிடிபட்டுருச்சு. அதுக்குள்ள எனக்கும் நிபுணர் தோரணை வந்துருச்சு.

ஞாயித்துக்கெழமை பஸ்ல சாமான பேன்ட் பையில படுக்கப் போட்டேன். ஒழுகிருச்சு. மருந்து மாம்பழ வாசம். எட்டயபுரம் வாரதுக்குள்ள பஸ்ஸே மாந்தோப்பாயிருச்சு. பின்சீட்டுல இருந்த அம்மா என் தொடைய எட்டிப் பாத்தாங்க.

"அண்ணாச்சி, பழம் நசுங்கிட்டு போல. ஒழுகுது பாருங்க."

"ஆமாம்மா."

"எந்த ஊர்ப் பழம்? நல்லா மணக்கே."

துபாய்ப் பழம்னு சொல்ல முடியுமா. "வீட்டுப் பழம்"னேன்.

மாமனார் வீட்டுல அத்தையும் அதையேதான் கேட்டாங்க. "மாம்பழம் வாங்கிட்டு வந்திருக்கீங்களா மாப்ள?" எங்கையில இருந்தது கடலைமிட்டாய்ப் பொட்டலம். "பஸ்ல ஒருத்தர் கூடை வச்சிருந்தார் அத்தை, அந்த வாசம் ஒட்டிக்கிட்டு"ன்னு சொல்லி வச்சேன்.

செல்வி கிட்ட வந்தா. "ஊதுங்க"ன்னா.

ஊதுனேன். மோந்து பாத்தா. எங்கிட்ட சிகரெட்டு வாடை இல்லாம அவ பாத்ததே இல்ல. மொகம் மாறிருச்சு. "நெசமாவே விட்டுட்டீங்களா"ன்னு கேட்டா. அந்தக் கேள்வியில இருந்த சந்தோசத்தப் பாத்து எனக்கே என்மேல மதிப்பு வந்துச்சு. சாயங்கால பஸ்சுக்குப் போவோம்னு சொல்லிட்டுப் பையில துணிய எடுத்து வைக்க ஆரம்பிச்சா. மாமனார் கோழி அடிக்கச் சொன்னார்.

இந்த எடத்துல நான் பேசாம படுத்துத் தூங்கியிருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

கோழிக்கொழம்பு சாப்பிட்டதும் நாக்கு கேட்டுச்சு. ஒரே ஒரு இழுப்பு. வீட்டுப் பின்னாடி மாமனாரோட படப்பு இருக்கு. மாடுகளுக்கு வருசம் பூரா போடுத சோளத்தட்டைய ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல அடுக்கி வச்சிருந்தாங்க. அதுக்குப் பின்னால போனா ஒருத்தருக்கும் தெரியாது. நெருப்பே இல்லாத சாமான்தானே, தட்டைக்கு என்ன ஆகப்போகுது? நல்லா யோசிச்சுத்தான் போனேன். அதான் கேவலம்.

இழுத்தேன். பத்தல. நம்பரக் கூட்டுனேன். நெஞ்சு முட்ட இழுத்து அண்ணாந்து விட்டேன்.

முருகேசன் மண்டும்னு சொன்னான்ல, மண்டுச்சு. காத்துகூட அன்னைக்கு அசையல. வெள்ளையா ஒரு பொதி படப்புக்கு மேல ஏறி அங்கனயே நின்னுச்சு.

எதிர்வீட்டு மாடியில வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்த மாரியம்மா சத்தம் குடுத்தாங்க. "ஏட்டி, படப்புல புகை. ஓடியாங்க, ஓடியாங்க."

வெயில் காலத்துல கரிசக்காட்டு ஊர்ல ஒரு படப்பு பிடிச்சா அடுத்த படப்பு, அதுக்கடுத்து வீடு. அதனால அங்க ஒருத்தரும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்க. கையில கெடச்சதத் தூக்கிக்கிட்டு ஓடிவருவாங்க.

எனக்குப் படக்குன்னு ஆயிருச்சு. நானும் எங்க தீன்னு சுத்திமுத்திப் பாத்தேன். அது நாந்தான்னு ஒறைக்கல. பதட்டத்துல என்ன செய்வேன்? இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

"அந்தா, இப்பக் கூடுதலா வருது" ன்னு முன்பக்கம் யாரோ கத்துனாங்க.

முதல் கொடம் படப்புக்கு மேல வந்து என் தலையில விழுந்துச்சு. ரெண்டாவது வாளியோட வந்துச்சு. அந்த ஊர்ல கொழாயில எப்பவாவதுதான் தண்ணி வரும். வீட்டுக்கு வீடு பிடிச்சு வச்சிருந்த குடிதண்ணி அம்புட்டும் வருது. மாமனார் குரல் கேட்டுச்சு. "ஊத்துனாப் பத்தாது, உள்ள கங்கு கெடக்கும். பிரிங்கலே." நாலஞ்சு பேரு ஏறித் தட்டையச் சரிச்சாங்க. அடுக்க எத்தன நாள் ஆச்சோ, பிரிக்க நேரமே ஆகல.

படப்பு போனதும் பின்னால நான் நிக்கேன். நனைஞ்ச கோழி கணக்கா, கையில லைட்டு எரியுத சாமானோட.

"தீ இல்ல மாமா"ன்னு சொல்ல வாயத் தொறந்தேன். கடைசி இழுப்ப நான் இன்னும் வெளிய விடல. பேச்சோட சேந்து வாயிலயும் மூக்குலயும் அது வந்துச்சு.

"அய்யய்யோ, தீ மாப்ளைக்கு உள்ள போயிட்டு" ன்னு மாரியம்மா அக்கா பதறிப்போயி மிச்சமிருந்த கொடத்தையும் எம்மேல ஊத்துனாங்க. பாவம், காப்பாத்தத்தான் ஊத்துனாங்க.

மாமனார் சாமான வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது என்ன மாப்ள?"

"ஆவி பிடிக்கிறது மாமா. சளிக்கு."

செல்வி கூட்டத்த வெலக்கிட்டு வந்தா. அவர் கையிலருந்து வாங்கி மோந்தா. "பஸ்ல எவரோ கூடை வச்சிருந்தாருன்னீங்க"ன்னு மட்டும் சொன்னா. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. கொஞ்ச நேரம் முன்ன இருந்த அந்த மொகம் காணாமப் போச்சு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. தலையத் தொங்கப் போட்டுட்டேன்.

தெருப் பொம்பளைங்க காலிக் கொடத்தோட என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "தண்ணி லாரி என்னைக்கு வருமோ"ன்னு ஒருத்தங்க முனகுனாங்க. மாமனார் நனைஞ்ச தட்டைய மிதிச்சுக்கிட்டுச் சுத்தி வந்தார். "காயாம அடுக்குனா பூசணம் பூத்துப் போவும். மாடு வாய் வைக்காது"ன்னார். மாப்ளைங்கறதால அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அந்த மரியாதைதான் எனக்கு ரொம்ப அசிங்கமா இருந்துச்சு.

செல்வி உள்ள போயி பையோட வந்தா. எனக்கு நம்பிக்கை துளிர்த்துச்சு. "கெளம்பலாமா"ன்னு கேட்டேன். என் தோல் அம்புட்டுத் தடிப்பு.

"நான் கெளம்புதேன். வீட்டப் போட்டது போட்டபடி கெடக்கும். நீங்க இந்தத் தட்டையக் காயப் போட்டு, அடுக்கிட்டு, எல்லா வீட்டுக் கொடத்தையும் ரொப்பிக் குடுத்துட்டு வாங்க. அந்தச் சாமான் எங்கிட்ட இருக்கட்டும்."

பஸ் ஏறிப் போயிட்டா. அத்தை எனக்கு ஒரு பழைய துண்டு எடுத்துக் குடுத்தாங்க.

இதத் தட்டையப் பொரட்டிப் போட்டுக்கிட்டேதான் எழுதுதேன். காலையில தள்ளுவண்டியில கொடத்த அடுக்கிக்கிட்டு பக்கத்து ஊர்க் கெணத்துக்குப் போறேன். மத்தியானம் தட்டை. முருகேசன் போன் போட்டு, "அடுத்த தடவ வாரப்ப ஒனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு கொண்டாரேன்"னான். எனக்கு ஏத்தது தட்டை பொரட்டுத கவைக்கம்புதான், அது இங்கனயே கெடைக்குதுன்னு சொல்லி வச்சுட்டேன்.

வேப்பு எது வாங்கலாம், எப்படி இழுக்கலாம்னு எங்கிட்ட யாராவது கேட்டீங்கன்னா, நேரா இங்கன வந்து ஒரு நாள் கொடம் தூக்கிப் பாருங்க. அதுக்கப்புறமும் கேக்கத் தோணுனா சொல்லுதேன்.

மத்தபடி செல்வி வீட்டுக்கு வரணும்னு போன காரியம் நல்லபடியா முடிஞ்சுது. நான்தான் இன்னும் வீடு போய்ச் சேரல.