டப்பா சார் அனுப்பிய இரங்கல்

காலை பத்து பத்துக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு இரங்கல் செய்தி போனது. அனுப்பியது, உலகத்திலேயே ஒழுங்கான மனிதர் என்று என் மகள் மீனா கொண்டாடும் டப்பா சாரின் கம்பெனி.

திண்டிவனத்தில் வெப்சைட் செய்து தருகிறவர் அவர். மீனா விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி அவரிடம் வேலைக்குப் போகிறாள். வெப்சைட்டின் ஒவ்வொரு வேலையும் தனி டப்பாவாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டப்பா என்றால் ஆப். முன்பதிவுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று. ஒரு சைட்டிலிருந்து தூக்கி இன்னொன்றில் வைத்தால் சிந்தாமல் உட்கார வேண்டும். "இந்த டப்பா இன்னா பண்ணுது? ஒரே வரியில சொல்லு" என்பாராம். நடுவில் 'அப்புறம்' என்றால் போச்சு. "ரெண்டாப் பிரி!"

சாப்பாட்டிலும் அப்படித்தான். சோறு, குழம்பு, அப்பளம், உப்பு எல்லாம் தனித்தனி டப்பா. ஒரு பந்தியில் கதம்ப சாதத்தைப் பார்த்து, "இத எப்படிங்க பிரிக்கிறது?" என்று பரிமாறியவரைக் கேட்டாராம். மீனா விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அலமாரியை அடுக்கு என்று பெற்றவள் நான் வருஷக்கணக்காகக் கத்தினேன். அவர் ஒரு தடவை சொன்னார், துணியெல்லாம் வகைவகையாக உட்கார்ந்துவிட்டது. "சார் சொன்னாரும்மா." கேட்டாலே வயிறு எரியும்.

அன்று ஒரு கல்யாண மண்டபத்தின் புது சைட் திறக்கும் நாள். மீனா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சவத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரின் சைட்டிலிருந்து முன்பதிவு டப்பாவைத் தூக்கி இதில் வைத்திருந்தாள். சிந்தாமல்தான் உட்கார்ந்தது. ஆனால் சைட்டுக்குச் சைட் மாறும், வெளியே வைக்க வேண்டிய பதில் செய்தியை, ஐஸ் பெட்டி சைட் செய்தபோது அவசரத்தில் டப்பாவுக்குள்ளேயே எழுதிவிட்டிருந்தாள். மண்டபத்தை முதலில் பதிவு செய்த பெண்வீட்டாருக்கு அதுவே போனது: "தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். பெட்டி உரிய நேரத்தில் வந்து சேரும்."

உடனே போன். "எம்பொண்ணுக்குக் கல்யாணம்மா! இன்னா பெட்டி அனுப்பப் போறீங்க?"

"வேலை போச்சும்மா" என்று மீனா அறைக்குள் போய்த் தாழ்போட்டாள். தட்டினேன், கெஞ்சினேன், மல்லாட்டைக் கடலை வேகவைத்து வாசனையைக்கூட உள்ளே அனுப்பிப் பார்த்தேன். திறக்கவில்லை. டப்பா சாரும் போனை எடுக்கவில்லை. உள்ளே அழுகைச் சத்தம் நின்றபோது கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

சாயங்காலம் வாசலில் ஒல்லியாக ஒருவர். தோளில் பை, பைக்குள் டப்பாக்கள் உரசும் சத்தம்.

"கல்யாண ஊட்டுக்குப் போய்ப் பேசிட்டு வர்றேங்க. எனக்கும் பத்திரிகை வச்சிட்டாங்க" என்றவர், மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார். "மீனா, கொழம்பு நல்லாத்தாம்மா கீது. டப்பா மேல வேற ஊட்டுப் பேரு இருந்துது, அவ்ளோதான். நாளைக்கு ஜல்தியா வா, அழிச்சிடலாம்."

தாழ் திறந்தது. நாளெல்லாம் நான் தட்டிய கதவு. என் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"உங்களத்தாங்க பாக்கணும்னு இருந்தேன். நான் எது சொன்னாலும், 'எங்கம்மா வேற மாதிரி சொல்வாங்க சார்'னுது உங்க பொண்ணு. பேஜாரா கீதுங்க."

நான் உள்ளே போய் டிகாஷனையும் பாலையும் தனித்தனி டம்ளரில் கொண்டுவந்து வைத்தேன்.