புத்தகக்காரர் கையில் ஆட்டுத்தலை

சினிமாக் கொட்டகையில் எல்லா வகை மனிதரையும் பார்த்திருக்கிறேன். சூரியகாந்தி விதையைக் கொறித்து முன்வரிசைக்காரர் கழுத்துப்பட்டையில் தோலைத் துப்புகிறவர், கதாநாயகி அழுவதற்கு முன்பே அழுது முடிக்கிறவர், தூங்கிவிட்டு வெளியே வந்து படம் பிரமாதம் என்கிறவர். இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத இனம் ஒன்று உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் புத்தகக்காரர்.

புத்தகம் படித்த எல்லாரையும் சொல்லவில்லை. படித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடத்து ஆள் எங்கள் மேய்ச்சல் மலைக்கு வந்தபோதெல்லாம் நான் ஆட்டுக்குப் பின்னால் வேறு மலையில் இருந்தேன். ஆகவே பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது, ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அது படமாக வரும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்து, வந்த முதல் நாளே போய் நடுவரிசையில் உட்கார்ந்து, விளக்கு அணைந்ததிலிருந்து விளக்கு எரிகிறவரை “புத்தகத்தில் அப்படி இல்லை” என்று பக்கத்திலிருப்பவர் காதில் ஊதிக்கொண்டே இருக்கிற ஆளை. தெரியுமா அவரை? தெரியாமல் என்ன.

அடையாளம் சொல்கிறேன். புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பார், ஒரு விரல் மட்டும் உள்ளே இருக்கும். அந்த விரலை எடுத்தால் எழுத்தெல்லாம் கொட்டிவிடும் என்பதுபோல. படம் பிடிக்கவில்லை என்று சத்தியம் செய்வார், நான்காவது முறை பார்க்கச் சீட்டு எடுப்பார். கதாநாயகிக்குப் புத்தகத்தில் இடது கன்னத்தில் மச்சம், படத்தில் வலது கன்னத்தில். இதற்காக அந்தப் பெண்ணைப் பெற்றவர்களையே கோபித்துக்கொள்வார். “படம் எப்படி?” என்று தெரியாமல் கேட்டுவிட்டீர்களா? தேநீர் ஆறும், ரொட்டி காயும், வாசலில் கட்டிய குதிரை தானே அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

அதிலும் உலகம் நாசமாய்ப் போகிற கதை என்றால் இவருக்குப் பண்டிகை. நமக்கெல்லாம் நாசம் என்றால் நாசம், அவ்வளவுதான். இவருக்கு நாசத்திலும் தரம் வேண்டும். மழை கறுப்பாகப் பெய்ய வேண்டும், சாம்பல் நிறத்தில் பெய்தால் ஏமாற்று. இடிந்த நகரத்தில் புகைபோக்கி நாற்பத்தொன்று இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்தால் முப்பது. “இதெல்லாம் ஒரு அழிவா?” என்பார். இன்னும் கொஞ்சம் மனசு வைத்து அழித்திருக்கலாம் என்கிற வருத்தம் அவர் முகத்தில் தெரியும்.

அப்படி ஒரு கதையைப் படமெடுக்க முந்தின வருஷக் கோடையில் எங்கள் ஊருக்கே வந்தார்கள். மூடிக் கிடக்கிற எங்கள் சர்க்கரை ஆலையைப் பார்த்ததும், இடிந்த நகரம் கட்டுவதற்காக அல்மாட்டியிலிருந்து கொண்டுவந்த பலகையை எல்லாம் அப்படியே லாரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டினி ஜனமாக நிற்பதற்கு ஊரில் ஆள் தேடினார்கள். கல்யாணக் காலம் முடிந்த கையோடு வந்ததால் பட்டினி முகம் ஒன்றுகூட அகப்படவில்லை. என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, “நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க பாட்டி” என்றான் ஒருவன். போனேன். சாப்பிட்டேன்.

கதை இதுதான். ஒரு நகரத்தில் மணி அடித்தால்தான் யாரும் சாப்பிடலாம். மணிக் கயிறு ஒரே ஒருவன் கையில். ஒரு நாள் மணி அடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் கிண்ணம் நிறையக் கஞ்சி இருக்கிறது, எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் என்ன ஆனது என்பதில்தான் புத்தகத்துக்கும் படத்துக்கும் சண்டை. அந்தச் சண்டை என் வீட்டுச் சாப்பாட்டு விரிப்புக்கு வந்து சேரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் பேத்தி தொல்கின் ரயில் நிலையத்தில் வண்டி வரவு சொல்கிறவள். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டால் பெட்டி தூக்க மறந்து நிற்பவர்கள் உண்டு. அப்படி நின்று வண்டியைத் தவறவிட்ட ஒருவன்தான் யெராலி, எங்கள் மாப்பிள்ளை. தவறவிட்டது ஒரு தடவையல்ல. போன இலையுதிர் காலத்தில் அவன் வீட்டார் காலை வண்டியில் பெண் கேட்டு வந்தார்கள். மாலை நாலு நாற்பது வண்டிக்குத் திரும்ப வேண்டும். யெராலி அந்த வியாழக்கிழமை மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் புறப்படுகிறான், இனிப் பனி உருகித்தான் திரும்புவான். ஆகவே அன்றைக்கே தொல்கின் காதில் நிச்சயத் தோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஏழு மாதம். ஏழு மாதம் என்பது இரண்டு பக்கத்து அத்தைமாரும் மனசு மாறுவதற்குத் தாராளமான காலம்.

மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. பெரியப்பாதான் மூத்த சம்பந்தியாக வந்தார். பெயர் கென்ஜெபெக், தொழில் பல் வைத்தியம். நாற்பது வருஷமாக வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அவர் என்ன சொன்னாலும் அவர்கள் “ஆ” என்றார்கள், அதை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். கையில் ஒரு புத்தகம், அதற்குள் ஒரு விரல்.

எங்கள் கஸாக் முறை எளியது. வந்தவர்களில் மூத்தவர் முன்னால் வேகவைத்த ஆட்டுத்தலையை முகம் அவரைப் பார்க்க வைப்போம். அவர் ஆசி சொல்லி, காதை அறுத்துக் குழந்தைக்கும் அண்ணத்தை வீட்டுப் பெண்ணுக்கும் கொடுத்துத் தலையைத் திருப்பித் தருவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை, வேகவைத்த மாவுத் தகடும் இறைச்சியும் அடுக்கிய பெருந்தட்டுக்குப் போகலாம். அடுத்து ஆட்டின் வால்கொழுப்பும் ஈரலும். அதைப் பெண்வீட்டுப் பெண்கள் சம்பந்திமார் வாயில் ஊட்டுவார்கள். அது தொண்டையைத் தாண்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது, எந்தக் கொம்பனும் பின்வாங்க முடியாது. உடனே மாப்பிள்ளையின் அம்மா தோட்டை எடுப்பாள்.

ஒன்றரை மணிக்குத் தலை வந்தது. கென்ஜெபெக் ஆசி சொன்னார், நன்றாகவே சொன்னார். புத்தகத்தைத் தொடையடியில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். என் மருமகள் ஸவ்லே வால்கொழுப்புத் தட்டோடு அவருடைய வலது தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்து என் மகன் மராத், ஊர்ப் பெருமை பேசுகிற ஆசையில், எங்கள் ஆலையில் எடுத்த படத்தைச் சம்பந்தி பார்த்தாரா என்று கேட்டான்.

அவ்வளவுதான். கத்தி மேலே போயிற்று.

புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது கத்தி உயரும், படத்தைப் பற்றிப் பேசும்போது தாழும். தாழும்போதெல்லாம் இதோ காது, இதோ காது என்று பதினெட்டுப் பேரும் ஒரு மூச்சை இழுப்போம். காதுக்கு ஒரு விரல்கடை மேலே வந்ததும் அவருக்கு இன்னொரு அத்தியாயம் நினைவுக்கு வரும். கத்தி மறுபடி ஏறும். இரண்டு மணிக்கு எங்கள் ஆலையின் புகைபோக்கிகளை எண்ணி, பதினொன்று குறைகிறது என்று என் மகனைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார். மராத் மன்னிப்புக் கேட்டான். இரண்டரைக்குப் பெருந்தட்டின் ஓரத்தில் கொழுப்பு வெள்ளை கட்டியது. மூன்று மணிக்கு அது ஜன்னலில் பிடித்த உறைபனிபோல நடுவரைக்கும் நடந்து வந்துவிட்டது. மாவுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரொட்டி ஆயின. அடுப்பில் சாற்றை மூன்றாம் தடவை சுடவைத்தார்கள். ஸவ்லே தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்த தோட்டுப் பெட்டியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். யெராலி இறைச்சியையும் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை. கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான், தொல்கின் தேநீரோடு அந்த வழியாகத்தான் வருவாள்.

வந்தாள். மணி மூன்றே முக்கால். கிண்ணத்தில் தேநீரை ஊற்றிக்கொண்டே, ஒலிபெருக்கியில் சொல்கிற அதே குரலில் மெதுவாகச் சொன்னாள்:

“நாலு நாப்பது வண்டி இன்னிக்குச் சரியான நேரத்துக்கு வருதாம், பெரியப்பா.”

“புத்தகத்துல ரயிலே கிடையாதும்மா,” என்றார் அவர். “படத்துலதான் தேவையில்லாம ஒரு ரயில விட்டிருக்கான்.”

வாயை மூடுங்கள் சம்பந்தி என்று யாராவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யார் சொல்வது? அவர் வீட்டார் சொன்னால் மூத்தவருக்கு அவமரியாதை. நாங்கள் சொன்னால் பெண்வீட்டார் வாய்த்துடுக்கு, சம்பந்தம் அங்கேயே முறிந்தது. ஆகவே தலையாட்டினோம். தொல்கின் மட்டும் தலையாட்டவில்லை.

அப்போது அவர் கதையின் முடிவுக்கு வந்தார். படத்தில் ஒரு குட்டிப் பெண் விரலைக் கஞ்சியில் தோய்த்து நக்குகிறாளாம், அதைப் பார்த்து ஊரே சாப்பிடத் தொடங்குகிறதாம்.

“பச்சப் பொய் சம்பந்தி. புத்தகத்துல ஒருத்தரும் கை வைக்கல. கிண்ணம் நெறையக் கஞ்சி, எல்லாரும் முட்டி மேல கைய வச்சிக்கிட்டு உக்காந்தபடியே செத்துப்போறாங்க. மனுஷன் அப்படித்தான். மணி அடிக்கலேன்னா எவனும் தொடமாட்டான்.”

நான் சுற்றிப் பார்த்தேன். விரிப்பைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். முப்பத்தாறு கைகளில் கத்தி பிடித்த ஒன்றைத் தவிர, தட்டுப் பிடித்த இரண்டைத் தவிர, மற்றதெல்லாம் முட்டிமேல். என் கையும்தான். அந்த எழுத்தாளன் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத்தான் எழுதியிருப்பான் என்று தோன்றியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இறைச்சி ஆறிப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் புத்தகம் சரி என்று ஆகிவிடுவதைப் பொறுக்க முடியவில்லை. அதட்டினால்தானே துடுக்கு? கேள்வி கேட்டால் பணிவு.

“சம்பந்தி,” என்றேன், “எழுத்துத் தெரியாதவ கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல ஒரு ஆள் மிச்சமில்லாம எல்லாரும் செத்துட்டாங்கன்னா, அந்தக் கதைய வந்து சொன்னது யாரு?”

கத்தி பாதி வழியில் நின்றது.

“யாரோ ஒருத்தர் திருட்டுத்தனமா சாப்பிட்டிருக்காங்க,” என்றேன். “இல்லேன்னா உங்க கைக்கு அந்தப் புத்தகம் வந்திருக்காது.”

கென்ஜெபெக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே இருந்தது. நாற்பது வருஷம் பிறர் வாயைத் திறக்கவைத்து வேலை பார்த்தவருக்கு, திறந்த வாயை எவ்வளவு நேரம் அப்படியே விடக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸவ்லேக்குத் தெரிந்திருந்தது. இரண்டேகால் மணி நேரம் தட்டோடு நின்றவள், வலது தோளுக்கு மேலாக எட்டி, வால்கொழுப்பும் ஈரலும் சேர்த்து ஒரு கை நிறைய எடுத்து உள்ளே தள்ளினாள். கொசுறாகக் கன்னத்திலும் மீசையிலும் தடவிவிட்டாள். அதுவும் முறைதான்.

தலைக்குப் பிறகுதான் வால்கொழுப்பு, வரிசை மாறிவிட்டது என்பீர்கள். மாறட்டும். வாய்க்குள் போனது போனதுதான். குளிர்ந்த வால்கொழுப்பு சாமான்யமாக இறங்காது, மென்றால் பெருகும். துப்பினால் சம்பந்தத்தையே துப்பினதாகும். பேச முடியாத மனிதர் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? காதை அறுத்தார். அண்ணத்தை எடுத்தார். தலையைத் திருப்பித் தந்தார். எல்லாம் நீங்கள் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில். முப்பத்தாறு கைகளும் பெருந்தட்டில் விழுந்தன. ஆறின இறைச்சியை அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னும் பின்னும் தின்றதில்லை. மாப்பிள்ளையின் அம்மா கையைக்கூடத் துடைக்காமல் தோட்டை எடுத்தாள். தொல்கினின் காதில் தோடும் ஏறியது, கொழுப்பும் ஏறியது.

வண்டியைப் பிடித்துவிட்டார்கள். பெட்டிப் படியில் நின்றபடி கென்ஜெபெக் கடைசி வாயை விழுங்கினார். “சம்பந்தியம்மா, நீங்க கேட்டதுக்குப் பதில் இருக்கு. புத்தகத்துல...” என்று தொடங்கினார். அந்த நொடியில் ஒலிபெருக்கி முழங்கியது, நாலு நாற்பது வண்டி புறப்படுகிறது என்று. அன்றைக்கு விடுமுறை எடுத்திருந்த தொல்கின், ஓடிப்போய் அதைத் தன் குரலிலேயே சொல்லியிருந்தாள். யெராலி இந்தத் தடவை வண்டிக்குள் இருந்தான். தலை மட்டும் வெளியே.

இப்போது ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்களாம். இறைச்சி ஆவி பறந்ததாம், பெரியவர் தாமாகவே வாயைத் திறந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். கேட்டவுடன் என் நாக்கு தானாகப் புரண்டது: “நடந்தது அப்படி இல்லை.” அன்றிலிருந்து கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கடைவாசலில், யார் எங்கே இதைச் சொன்னாலும் போய்த் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்த நோய் எழுத்துத் தெரியாதவர்களையும் விடுவதில்லை போலிருக்கிறது.

நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு வராமலா இருக்கும்? நான் சொல்லி எழுதவைத்ததைப் படிக்கும்போதே ஏதோ ஓர் இடத்தில், “கஸாக்குகள் தலையை அப்படி வைப்பதில்லை, நான் வேறு மாதிரி படித்திருக்கிறேன்” என்று சொல்ல உங்கள் உதடு பிரிந்திருக்கும். பிரியட்டும், நல்லது. ஆனால் வாயை முழுதாகத் திறக்குமுன் வலது தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். என் மருமகள் தட்டோடு நிற்கிறாள்.