இடது விலாச் சோதனை

மனிதரில் மதிப்பீட்டாளர் என்றொரு சாதி உண்டு. வாழ்நாளில் ஒரு குத்தும் வாங்கியிராதவர். ஆனால் பிறர் எத்தனை குத்துத் தாங்குவார் என்று சத்தியம் செய்வார். அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஊரில் ஒரு சண்டை அறிவித்தால் போதும், அவரே வந்து சேருவார்.

1934இல் கண்டியில் இந்தச் சாதியின் திலகம் கிளறன்ஸ் கிளாக்கர். பகலில் தேயிலைக் கந்தோரில் எழுத்தர் உத்தியோகம். மாலையில் அம்பிட்டிய வீதியில், மஹ்ரூப் நானாவின் தேநீர்க் கடையில் தீர்ப்பு.

அந்த வாரம் தீர்ப்புக்கு அகப்பட்டவன் தெல்தோட்டை மனுவேல். குத்துச்சண்டைக்காரன், வயது முப்பத்தெட்டு. சனிக்கிழமை அவன் மோத வேண்டியது கொழும்பிலிருந்து வரும் இருபத்திரண்டு வயதுக்காரனோடு. வென்றால் ஊர்க் குத்துச்சண்டைக் கழகம் அவனைப் பயிற்சியாளனாக வைத்துக்கொள்ளும். அடி வாங்கிப் பிழைத்தவன் அடி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம். தோற்றால் பழையபடி தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை மாலை மனுவேல் கடைக்குள் நுழைந்தான்.

“வா மனுவேல், சட்டையைக் கழட்டு.”

கழற்றினான். கிளறன்ஸ் பலாப்பழம் வாங்குகிறவரைப் போல அவன் புயத்தை அமுக்கினார், முழங்காலைத் தட்டினார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், தலையைச் சாய்த்து யோசித்தார், கடைசியில் ஒரு எட்டுப் பின்வாங்கி, இடது விலாவில் ‘பொத்’தென்று ஒன்று வைத்தார்.

“கல்லு! வயசான ஆளுக்கு மூச்சு நிக்கிற இடம் இதுதான். இது நின்னா ஆளு நிப்பான்.”

விஞ்ஞானம் அன்றோடு நின்றிருக்கலாம். நின்றதா? மறுநாள் மாலை தபாற்காரர் சோதித்தார். புதன்கிழமை வேதக்கோயில் பாடகர் குழு முழுவதும் வந்து, ராகம் பிரித்ததுபோல் ஆளுக்கொன்றாகச் சோதித்தது. எல்லாரும் இடது விலாவில்தான். வலது விலாவைச் சோதிக்கும் முறை கண்டியில் அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை.

“அவருக்கு நோவுது போல ஈக்கி, கிளாக்கர்,” என்றார் மஹ்ரூப் நானா.

“நோவுதா மனுவேல்?”

கழகத்துக்காரர் இருவர் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நோவுது என்ற ஒரு சொல் போதும், விடிவதற்குள் செயலாளர் காதுக்குப் போய்விடும். மனுவேல் பல்லைக் கடித்துச் சிரித்தான்.

“எறும்பு கடிச்ச மாதிரிங்க ஐயா.”

வியாழக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அவன் மனைவி பியட்றிஸ் விலாவைப் பார்த்தாள். கத்தரிக்காய் நிறம். நேரே கடைக்கு வந்து நின்றாள்.

“சண்டை சனிக்கிழமதானுங்களே ஐயா? நீங்கள்லாம் திங்கக்கிழமையே ஆரம்பிச்சிட்டீங்களே!”

“மதிப்புப் பாக்காம எப்படிம்மா நாலு பேருக்கிட்ட பேசுறது? எல்லாம் ஒன் புருசன் மேல உள்ள அக்கறைதான்.”

“அக்கறைய அந்தக் கொழும்பு ஆளு மேல கொஞ்சம் காட்டுங்க!”

கடை சிரித்தது. கிளறன்ஸ் சிரிக்கவில்லை, பெண்களுக்கு விளையாட்டு விளங்காது என்று கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் சோதனை நடந்தது, கொஞ்சம் பலமாக.

சனிக்கிழமை முதற் சுற்றில் மனுவேல் அருமையாக ஆடினான். கொழும்பு இளைஞன் இரண்டு தடவை கயிற்றில் போய் முட்டினான். இரண்டாம் சுற்றில் அவனுடைய கையுறை, குறி தவறி, மனுவேலின் இடது விலாவை உரசியது. குத்துக்கூட இல்லை. மனுவேல் குடை மடங்குவதுபோல் மடங்கினான். நடுவர் பத்து எண்ணி முடித்தபோதும் எழவில்லை.

கிளறன்ஸ் உட்கார்ந்திருந்த வாங்கில் ஏறி நின்றார்.

“பாத்தீங்களா! இடது விலா! திங்கக்கிழமையே கண்டுபிடிச்சிட்டேன், இந்த ஆளு நிக்க மாட்டான்னு!”

கல் என்று சொன்ன திங்கட்கிழமை வேறொரு திங்கட்கிழமை போலும். சுற்றியிருந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுவேல் பெட்டி தூக்கப் போனான், அந்த விலாவோடு.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். நல்ல மனிதர், ஒருவரையும் தொட்டுக்கூடப் பார்க்காதவர். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். முப்பத்தெட்டு, இருபத்திரண்டு என்று மேலே படித்தபோது, யார் வெல்வார் என்று மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, மனுவேலைக் கேட்டா எழுதினீர்கள்?