கொக்கி இல்லாத கப்பலும் மொட்டை போடாத மருமகனும்

சேசு மரி சூசை துணை

நாகல் நகர்,
திண்டுக்கல்.

ஏழு கடலும் தாண்டிய மாப்பிள்ளை, சொகுசுக் கப்பலின் அறைகளைக் கட்டிக் காக்கும் பெருந்தகை ஸ்டான்லி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் சகாயராணியைக் கட்டிய நாள் முதல் தங்கள் குடும்பத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும் மச்சான் ஆரோக்கியதாஸ் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் பொய் எழுதினால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்கள் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். நெத்திலிக் கருவாடு வறுப்பது எப்படி என்று உன் அம்மாவிடம் நீ கேட்கும்போது மணிக்கணக்கில் கிடைக்கிற சிக்னல், மருமகனுக்கு மொட்டை போட எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதும் கடலில் விழுந்துவிடுகிறது. வாட்ஸாப்பில் இரண்டு டிக்கும் நீலமாகிறது, பதில் மட்டும் கரை சேர்வதில்லை. ஆகவே சென்னையில் உன் கம்பெனி ஏஜெண்ட் ஆபீசுக்கு இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு சிக்னல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 'தாங்கள்' எப்போது 'நீ' ஆனது என்று திரும்பிப் போய்த் தேடாதே. இதுவரை தாங்கியதே பெரிது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் ரோஷன் பிறந்தவுடன் மஞ்சள் காமாலை என்று அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள் அல்லவா? பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முதல் முடியை இறக்கி வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடுப்பதாக உன் அக்கா அன்று வேண்டிக்கொண்டாள். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். பிள்ளை வீட்டுக்கு வந்தான், உருண்டு திரண்டான், இப்போது தவழ்ந்து வந்து நான் திருத்தும் ஏழாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள்களைத் தின்கிறான். பாக்கி இருப்பது தாய்மாமன் மட்டும்தான். இருப்பது ஒரே ஒரு தாய்மாமன், அவரும் தண்ணீரில். நேர்ந்துகொண்ட முடியில் கத்திரி படக்கூடாது என்பதால் அது கண்ணை மறைத்துக் காதை மறைத்துக் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா, அதாவது என் அத்தை, அதை உச்சியில் வாரி ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார். கடைவீதியில் தூக்கிக்கொண்டு போனால் பாப்பா பேர் என்ன என்று கேட்கிறார்கள். ரோஷன் என்று சொன்னால் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பேர் என்று என்னைத்தான் கண்டிக்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் நீ போன் பண்ணி, லீவு கிடைக்காது, ஆனால் என் கப்பல் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறது, குடும்பத்துக்குச் சலுகை தருகிறார்கள், எல்லாரும் ஏறிவிடுங்கள், மொட்டையைக் கப்பலிலேயே போட்டுவிடலாம் என்று வாய் கூசாமல் சொன்னாய். துறைமுகத்து வாசலில் நின்று செத்த நேரம் பார்த்துவிட்டுப் போகிறோமே என்று கேட்டதற்கு, ஆட்கள் இறங்கி ஏறுகிற நாளில் அறை துடைக்கிறவனுக்கு மூச்சு விடவும் நேரம் கிடையாது, கப்பல் நடுக்கடலுக்குப் போனால்தான் ஓய்வு என்றாய். சரி, கப்பல் எங்கே போகிறது என்று கேட்டேன். சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டும் என்றாய். ஏறின இடத்திலேயே இறங்குவதற்கு இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு? எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தூங்கிவிட்டால் அதைத்தான் இலவசமாகச் செய்கிறோம்.

வேளாங்கண்ணிக்கு நேர்ந்த முடியை நடுக்கடலில் இறக்கலாமா என்று நான் ஒரு நியாயம் கேட்டேன். அந்த மாதாவே கப்பல்காரர்களைக் கரை சேர்த்தவள்தான், அவளுக்குக் கடல் புதுசா, முடியை முடிந்து வைத்துக்கொண்டு போய் அப்புறம் கோயிலில் கொடுத்தால் போகிறது என்று அத்தை தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்போடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரே ஒருத்தரிடம், யாரிடமும் சொல்லாதே என்ற ஜாக்கிரதையோடு, பேரனுக்குக் கப்பலில் மொட்டை என்று சொல்லியிருக்கிறார். நான் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சேவுகம்பட்டிப் பெரியம்மா போனில் வந்துவிட்டார். நம் ஊரில் மொட்டை என்றால் அழைப்பு என்றுதான் அர்த்தம். அவர்கள் வீட்டு மொட்டைக்கெல்லாம் நாம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஆகவே இது அவர்கள் முறை. பெரியம்மா வீட்டில் வேனுக்குச் சொல்லிவிட்டார்களாம். வேனைக் கப்பலுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தலாமா, வெளியே விட வேண்டுமா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரைச் சமாளித்து வைத்தால் கீரனூர்ச் சித்தப்பா.

"ஏனுங்க மாப்ள, ஆட்ட உசுரோட ஏத்தோணுமா, உரிச்சு ஏத்தோணுமா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும், மாப்பிள்ளை? கப்பலில் அவர்களே சமைத்துப் போடுவார்கள் என்றேன். அடுத்தவன் வீட்டுச் சோற்றைப் போட்டா நம்ம பிள்ளைக்கு மொட்டை போடுவது என்று அவர் வருத்தப்பட்டார். பொம்மையன் அண்ணன், அதுதான் எனக்கு முடி வெட்டுகிறவர், தானும் வர வேண்டும் என்று தயாராகிவிட்டார். கத்தியைப் பையில் கொண்டுவர விடமாட்டார்கள் என்று நான் சொன்னதும், கத்தி இல்லாமல் நான் எதற்கு என்று யோசித்தவர், பிறகு சும்மா கூட நிற்கிறேன் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

அப்படியானால் கப்பலில் யார் மொட்டை போடுவது? நீ கொடுத்த ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தது. நல்ல பிள்ளை, பாவம். கப்பலில் சலூன் உண்டு சார், விதவிதமாக ஸ்டைல் செய்வார்கள் என்றது. எனக்கு ஸ்டைல் வேண்டாம் அம்மா, முடியே வேண்டாம் என்றேன். அடுத்ததாகத் தூளியைப் பற்றிக் கேட்டேன். உனக்குத் தெரியுமோ என்னவோ, உன் மருமகன் கட்டிலில் தூங்க மாட்டான், தொட்டிலில் தூங்க மாட்டான், யார் தோளிலும் தூங்க மாட்டான். உன் அக்கா கல்யாணத்துக்கு நீ கட்டியிருந்த எட்டு முழ வேட்டியை அத்தை பத்திரப்படுத்தி வைத்திருந்து தூளி கட்டினார். வேறு சேலையில் கட்டினால் இரண்டு ஆட்டம் ஆட்டுவதற்குள் வீறிடுகிறான். அந்த வேட்டியில்தான் தூங்குவான். ஆகவே அறை மேற்கூரையில் ஒரு கொக்கி இருக்குமா என்று கேட்டேன். அந்தப் பெண் கொக்கி என்றால் என்ன என்று கேட்டு, மியூசிக் போட்டு, பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டது. அங்கே ஒரு பெரிய மனிதர், மேலே எதைத் தொங்கவிடப் போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகனை என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் பேசும் தொனியே மாறிவிட்டது.

பச்சைப் பிள்ளைக்கும் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வேண்டுமாம். ஸ்டூடியோவில் முகத்தை முடி மறைக்கிறது, கொஞ்சம் வெட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். அதாவது, முடி வெட்டுவதற்குக் கப்பல் ஏற வேண்டும், கப்பல் ஏறுவதற்கு முடி வெட்ட வேண்டும். இருபது வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன், இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. கடைசியில் அத்தை பின்னால் ஒளிந்துகொண்டு முடியைக் கையால் பிடித்துத் தூக்கினார். போட்டோவில் ரோஷன் முகத்துக்கு மேலே இரண்டு விரலும் ஒரு கெட்டி வளையலும் தெரிகின்றன.

பெரியவள் ஐரினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் செம்பட்டி வருவதற்குள் வாந்தி எடுக்கிற பிள்ளை அவள். ஒன்றாம் வகுப்பு முழுக்கக் கப்பல் கதை சொல்லி முடித்துவிட்டு இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போய்ச் சொல்கிறாள். கலர் தாளை வெட்டி வெட்டி வீடெல்லாம் கப்பல் ஒட்டுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கிக்கொடுத்த மொட்டைக் கத்திரிக்கோல் அவள் கையை விட்டு இறங்குவதே இல்லை. நடுக்கடலில் ஒன்றுக்கு வந்தால் கப்பலை எங்கே ஓரம் கட்டுவார்கள், தம்பியைக் கடலில் யார் பிடித்துக்கொள்வார்கள், மாமாவுக்கு மடி இருக்கிறதா இல்லையா என்று நாள் முழுக்கக் கேள்வி. மடி என்றால் என்ன என்று அவளுக்கு அத்தை விளக்கம் சொல்லியிருக்கிறார். மாமா உட்கார்ந்தால் வேட்டி விரிகிறதே, அதுதான் மடியாம்.

அத்தை கட்டி வைத்திருக்கும் மூட்டைகளை நான் விவரிக்கப்போவதில்லை. வீடியோவில் நீ இளைத்துத் தெரிந்தாயாம். ஆகவே உனக்கென்று கருவாடு ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா, பிள்ளைக்கு ராகி மாவு, ஓமத்தண்ணி, இவற்றோடு ஒரு கரண்ட் அடுப்பு. அடுப்பு ஏற்ற விடமாட்டார்கள் என்று நான் சொன்னால், "என் மகன் வேலை பாக்குற கப்பலு, என்னைய யாரு கேப்பா?" என்கிறார். கப்பலே உன் பேரில்தான் இருக்கிறது என்று நினைப்பு.

இதற்கெல்லாம் நடுவில் உன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று நான் கத்தித் தீர்த்தேன். பெரியம்மாவை விட்டுவிட்டுப் போனால் அவர் இனி நம் வாசற்படி மிதிக்கமாட்டாராம், எல்லாரையும் கூட்டிப்போக நான் என்ன கப்பலையா விலைக்கு வாங்கியிருக்கிறேன், என்று. பிள்ளைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குக் கப்பலும் வேணாம், கடலும் வேணாம். என் தம்பி மடியில என் பிள்ளை செத்த நேரம் உக்காரணும். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு மறுபடி கூழை ஊட்ட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். ஆனாலும் என்ன செய்வது? ஒரு வேன் நிறையச் சொந்தமும் ஓர் ஆடும் இல்லாமல் இந்த மொட்டை நடக்காது, அவற்றோடு கப்பலில் நடக்காது. ஆகவே நன்றாக யோசித்து முடிவெடுத்து, உன் சலுகையில் நம் வீட்டுக்குப் போட்டிருந்த புக்கிங்கை ரத்து செய்துவிட்டேன். நீ லீவு போட்டு நேரில் வந்து சேர். வராவிட்டால் கீரனூர்ச் சித்தப்பா மகனும் உன் அக்காவுக்குத் தம்பி முறைதான், அவனுக்கும் மடி உண்டு, அதில் வைத்து இறக்கிவிடுவோம். பிறகு என்னைக் குறை சொல்லாதே. அலை அதிகம் இருந்தால் ஜாக்கிரதையாக இரு. மாதா உனக்கு எப்போதும் துணையிருப்பாளாக. உன் அம்மாவின் முத்தங்கள், உன் அக்காவின் மௌனம், ஐரின் வெட்டிய காகிதக் கப்பல் ஒன்று ஆகியவை இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
கரையில் நிற்கும் மச்சான்,
ஆரோக்கியதாஸ்.

பி.கு.: மேலே உள்ள எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். பசை ஐரினிடம் இருந்தது. கத்திரிக்கோலும் அவளிடம்தான் இருந்தது. தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் உன் மருமகன் அயர்ந்து தூங்குகிறான், உச்சிக்குடுமி ரப்பர் பேண்டோடு சேர்ந்து அவன் நெஞ்சில் கிடக்கிறது. மிச்சமிருப்பது எலி கடித்த பாய் மாதிரி இருக்கிறது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் சத்தம் போட்டேன். ஐரின் அசையவில்லை.

"மாமா வேட்டியிலதான படுத்திருக்கான்? அப்ப இது மாமா மடிதான?"

உன் அம்மா அந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு முடி விடாமல் பொறுக்கி, வேட்டி ஓரத்தில் கொஞ்சம் கிழித்து அதில் முடிந்து, மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். உன் அக்கா முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

முடி இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் சேவுகம்பட்டியில் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மொட்டை இல்லையென்றால் விசேஷம் இல்லை, விசேஷம் இல்லையென்றால் அவர்களுக்குக் கப்பலில் என்ன வேலை? கீரனூரில் ஆடு பிழைத்தது. புக்கிங்கை ரத்து செய்துவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அது பொய், சனிக்கிழமை சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். ரத்து செய்ய வேண்டுமானால் அந்த ஹெல்ப்லைன் பிள்ளையிடம் மறுபடி பேச வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே நாங்கள் ஐந்து பேரும், கருவாட்டு டப்பாவும், ஓரம் கிழிந்த வேட்டியும் வந்து ஏறுகிறோம். அறையில் கொக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மடியை மட்டும் காலியாக வை.