தோர்வால்டின் மூச்சைக் காத்த ராணுவ லாரி

அன்புள்ள மைத்துனன் டுவைட்டுக்கு,

மான்டானாவிலிருந்து உன் அத்தான் எல்டன் எழுதுவது. நானும் உன் அக்கா மேவிஸும் கை கால் முழுசாக இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும்.

போன வாரம் போனில், "அக்காவுக்குத்தான் புத்தி இல்ல, உங்களுக்குமா அத்தான்? அந்த லாரியை வித்துத் தொலைங்க" என்று கத்தினாய். அப்போது பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, உன் அக்கா கொடுத்த எண்ணெய் வழியும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் ஸ்வெட்டர் பின்னுவாள் என்று நினைத்தேன். அவளோ ராணுவம் கழித்துக்கட்டிய சாமான்களின் ஏலத்துக்குப் போய்ப் பத்துச் சக்கர லாரியோடு வந்து நின்றாள். அதற்குச் சாவியே கிடையாது, டுவைட்! ஒரு விசையைத் திருப்பினால் உறுமும், ஒரு கம்பியை இழுத்தால்தான் அடங்கும். டீசலும் குடிக்கும், ஓட்டலில் உருளைக்கிழங்கு பொரித்து மிஞ்சிய எண்ணெயும் குடிக்கும். உன் அக்கா அதற்குப் பழைய பேருந்து இருக்கையை வைத்தாள், உடைந்த லாரியிலிருந்து ஸ்டியரிங் பம்பைக் கழற்றி மாட்டினாள், இஞ்சின் மூச்சு விடும் குழாய்களையெல்லாம் கூரை உயரத்துக்கு ஏற்றினாள். "எதுக்கும்மா இது?" என்றால், "தண்ணிக்குள்ள போனா அதுக்கு மூச்சு முட்டக் கூடாதுல்ல" என்பாள். எங்கள் ஊரில் ஏது தண்ணி என்று சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை பனி உருகி, ஓடை பெருகி, பாலம் போய்விட்டது. மறுகரைப் பண்ணையில் முதியவர் தோர்வால்ட் தனியாக. அவருக்கு மூச்சு நடப்பதே மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷினால், மின்சாரமும் போச்சு. கையிருப்பு சிலிண்டர் தீரப்போகிறது என்று போனில் திக்கித் திக்கிச் சொன்னார். தீயணைப்புத் தொண்டர்களின் தலைவர் கஸ், படகு வர நேரமாகும் என்று கையைப் பிசைந்தார். மேவிஸ் என்னை லாரியில் ஏற்றி, கஸ்ஸிடம் இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களை என் மடியில் அடுக்கினாள். "கரையில நிறுத்து மேவிஸ், பார்த்து முடிவு பண்ணலாம்" என்றார் கீழே நின்ற கஸ். "சரி" என்றாள். கரைக்கு இறங்கும் சரிவு வந்தது. அவள் நிறுத்தவில்லை.

"மேவிஸ், நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினேன்.

"பேசாம சிலிண்டரைப் பிடிங்க."

வேறு ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. செம்பழுப்புத் தண்ணீர் விளக்குகளை விழுங்கியது, பிறகு என் முழங்காலைத் தொட்டது. வேரோடு ஒரு மரம் எங்களை முட்டிவிட்டு நகர்ந்தது. லாரி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது, பிறகு நீர்யானை மாதிரி நிதானமாக நடந்தது, உருளைக்கிழங்கு வாசனையை வானத்துக்கு ஊதிக்கொண்டே. நான் வாயைத் திறந்தபடி உன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரை ஏறி, தோர்வால்டின் வாசல் கேட்டைத் தள்ளிக்கொண்டு போய், வைக்கோல் போரில் மெத்தென்று சாய்ந்து நின்றோம். ராணுவத்தில் இப்படித்தான் நிறுத்துவார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

தோர்வால்டின் உதடுகள் நீலமாகியிருந்தன. குழாயை மூக்கில் மாட்டி, நிறம் திரும்பியதும் அவர் முதலில் சொன்னது: "என் கேட்டு போச்சே, மேவிஸ்."

"மூச்சு இருக்குல்ல? கேட்டை எல்டன் செஞ்சு குடுப்பாரு."

தண்ணீர் வடியும்வரை அங்கேயே தங்கினோம். தோர்வால்ட் சன்னல் வழியாக லாரியையே பார்த்துக்கொண்டு, "இது வண்டியில்லப்பா, வேற என்னமோ" என்றார். இத்தனை வருஷம் ஒரு தளபதியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. பிரேக்கில் கால் வைக்காமல் வெள்ளத்துக்குள் இறங்கும் நெஞ்சு யாருக்கு வரும்? ஆகவே லாரியை விற்கும் பேச்சை இனி எடுக்காதே. நான் உயிரோடு இருக்கும்வரை அது நம் வாசலில்தான் நிற்கும்.

குழந்தைகளுக்கு என் முத்தம். உன் மனைவியின் இடுப்பு வலி தேவலையா? எல்லோரையும் ஆண்டவன் கரையில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் எல்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருமினாள். "ஏங்க, பிரேக்ல கால் வைக்கலன்னு யாரு சொன்னா? ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சேன். பழைய பிரேக் குழாய் வெடிச்சு, மிதி தரை வரைக்கும் போயிருச்சு" என்றாள். வைக்கோல் போர் இல்லாவிட்டால் தோர்வால்டின் சமையலறையில் நின்றிருப்போமாம். அது தெரிந்தும் அவள் சொன்னது "சிலிண்டரைப் பிடிங்க" மட்டும்தான். நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. இருந்தாலும் லாரி வாங்க உனக்குத் தெரிந்த ஆள் இருந்தால் நம்பரை அனுப்பு. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.