கே.டி.ஓ. ஏன் இறங்கியது?

"போன வாரம் நம்ம வெப்சைட்டுக்கு வந்தவங்க அதிகம். பூட்டு வாங்கினவங்க கம்மி. ஏன்?" என்று கேட்ட மேலாளர், மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஸ்டோர் சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

ஸ்டோர் சார் அவசரமாகத் தன் நோட்டைப் புரட்டினார்.

பத்தொன்பது வருடம் அந்தப் பூட்டுக் கம்பெனியின் கிடங்கைக் கட்டி ஆண்டவர் அவர். எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எத்தனை பித்தளைப் பூட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கம்பெனி ஆன்லைனில் விற்க ஆரம்பித்ததும் கிடங்கு வெளியார் கைக்குப் போனது. இவரை இரண்டாம் மாடியில், ஆன்லைன் மார்க்கெட்டிங் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மூன்று மாதம் கெடு. அதற்குள் வேலை பிடிபட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஐம்பத்தொரு வயதில் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த மாடியில் யாரும் ஒரு வார்த்தையை முழுதாகப் பேசுவதில்லை. சி.டி.ஆர். என்பார்கள், கே.பி.ஐ. என்பார்கள், எஸ்.இ.ஓ. என்பார்கள். அப்படியென்றால் என்ன என்று யாரும் யாரையும் கேட்பதுமில்லை. ஸ்டோர் சார் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய் மாலையில் மனைவியிடம் ஒப்பிப்பார்.

"சி.டி.ஆர்.?" என்பாள் மனைவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"விளம்பரத்தைப் பார்த்தவங்கள்ல எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கங்கற கணக்கு."

"கே.பி.ஐ.?"

"ஒரு கிளிக்குக்கு எவ்வளவு செலவாச்சுன்னு..."

"நேத்து அதை சி.பி.சி.ன்னீங்க."

"நேத்து சொன்னதுதான் சரி."

இப்படியே ஆறு வாரம் ஓடியிருந்தது. இப்போது ஐந்து ஜோடிக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. படித்ததெல்லாம் தலைக்குள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது.

"கே.டி.ஓ. இறங்கிடுச்சு சார்" என்றார்.

கே.பி.ஐ.யின் தலை, சி.டி.ஆரின் இடுப்பு, எஸ்.இ.ஓ.வின் வால் எல்லாம் சேர்ந்து அப்படி ஒன்று வந்து விழுந்துவிட்டது. திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மேலாளர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அதேதான். நானும் அதைத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

மற்ற நால்வரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் பேனாவை நிறுத்தி, "மொபைல்லயா சார், கம்ப்யூட்டர்லயா?" என்று கேட்டாள்.

"ரெண்டுலயும்மா" என்றார் ஸ்டோர் சார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். "இல்லாத ஒண்ணு எப்படிங்க இறங்கும்? காலைல முதல் வேலையா போய் உண்மையைச் சொல்லிடுங்க."

போனார். மேலாளர் முதலாளியோடு போனில் இருந்தார். "ஆமாங்கய்யா, கே.டி.ஓ.தான் கோளாறு. கண்டுபிடிச்சது நம்ம ஸ்டோர் சார்." போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம், "உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லியிருக்கேன். என்ன விஷயம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். ஜன்னலைச் சாத்தட்டுமான்னு கேக்க வந்தேன்" என்று அசடு வழிந்துவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை வெள்ளைப் பலகையில் கே.டி.ஓ.வுக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு எண் வேண்டுமாம். "ரெண்டு புள்ளி நாலு" என்றார் ஸ்டோர் சார். ஏன் ரெண்டு புள்ளி நாலு என்று ஒருவரும் கேட்கவில்லை. மேலாளர் மட்டும், "பரவாயில்லையே" என்றார்.

பெற்றுவிட்ட பிள்ளையைப் பட்டினி போட்டே ஒழித்துவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். வாராவாரம் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தால், எண் பூஜ்யமாகும், கட்டத்தை அழித்துவிடுவார்கள், எல்லோரும் மறந்துபோவார்கள். அடுத்த வாரம் ஒன்று புள்ளி ஒன்பது. அதற்கடுத்து ஒன்று புள்ளி இரண்டு. வாராவாரம் அதை ஒழுங்காக ஒரு அறிக்கையிலும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் கோப்பில் வைத்தார். ஐந்தாவது வாரம் பூஜ்யம் புள்ளி மூன்றைத் தொட்டபோது, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"கே.டி.ஓ. சாகக் கெடக்குது, எல்லாரும் டீ குடிச்சிட்டிருக்கீங்களா?"

"விற்பனை ஏறியிருக்குங்கய்யா" என்றார் மேலாளர்.

"விற்பனை ஏறி என்ன பண்ண? கே.டி.ஓ. போச்சே! ஒரு நிபுணரை எடுங்க. விளம்பரத்தை ஸ்டோர் சாரே எழுதட்டும், அவருக்குத்தான் நுணுக்கம் தெரியும்."

ஸ்டோர் சார் ரொம்ப யோசித்து எழுதினார்: 'கே.டி.ஓ.வில் குறைந்தது ஐந்து வருட அனுபவம் அவசியம்.' பிறந்து ஐந்து வாரமே ஆன ஒன்றில் ஐந்து வருட அனுபவசாலி எங்கிருந்து வருவான்? ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கடையைக் கட்டிவிடலாம். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவருக்குச் சாப்பாடு தொண்டைக்குள் சுகமாக இறங்கியது.

நாலே நாளில் நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள் வந்தன.

"இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குன்னா, ஒருவேளை நெஜமாவே அப்படி ஒண்ணு இருக்கோ என்னவோ" என்றாள் மனைவி. அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது.

நேர்முகத் தேர்வு அன்று மேலாளரின் வலப்பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று மாதக் கெடுவும் அன்றோடு முடிகிறது. நிரந்தர உத்தரவு தயாராகி, மேலாளரின் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஸ்டோர் சாரின் கண் அதை விட்டு நகரவில்லை.

முதலில் வந்தவள் முப்பது வயதுக்காரி. இஸ்திரி கலையாத சட்டை, கையில் கறுப்புக் கோப்பு.

"கே.டி.ஓ.ல அனுபவம்?" என்று கேட்டார் மேலாளர்.

"ஏழு வருஷம் சார்" என்றாள் அவள், கண் இமைக்காமல்.

ஸ்டோர் சாருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது. இவள் பொய் சொல்கிறாள் என்று இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதை வெளியே சொல்ல முடியாதவரும் அவர்தான். கோபம் வரப் பார்த்தது. ஆனால் கோப்பின் ஓரத்தை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. பாவம், அவளுக்கும் ஒரு வேலை வேண்டும். மடக்கிக் கேட்கக் கூடாது, சுலபமாக ஒன்று கேட்டு அனுப்பிவிடலாம்.

தான் எழுதிய ஐந்து வார அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது எங்க கே.டி.ஓ. நிலவரம். உங்க மனசுல பட்டதைச் சும்மா சொல்லுங்கம்மா, போதும்."

அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாவதைப் புரட்டினாள். உச்சுக்கொட்டினாள். பிறகு அறிக்கையை மூடி வைத்துவிட்டு மேலாளரைப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இதை எழுதினவருக்குக் கே.டி.ஓ.ன்னா என்னன்னே தெரியல."